இஸ்க்ராவுக்கு எட்டு மணி மருந்து

விட்டோல்ட் ரோகாலா முப்பத்தொரு வருடம் ரயில்வே கேட் காத்தவர். போலந்தில், குட்னோ ஊரிலிருந்து வடக்கே பிரியும் கிளைப்பாதையில், சர்க்கரைக் கிழங்கு வயல்களுக்கு நடுவே இருந்தது அந்த கேட். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்டைத் தாமதமாக இறக்கியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஷிப்ட் ஒத்துவரல" என்பார். உண்மையில் பெண்களிடம் நாலு வார்த்தை பேசினாலே அவருக்குக் காது சிவந்துவிடும். சிவந்தது அவர்களுக்குத் தெரிந்துவிட்டதே என்று கழுத்தும் சிவக்கும். அதற்கு மேல் பேச்சு எங்கே வரும்?

ஒரு ஜனவரிக் காலை, கேட் அறையில் அடுப்புப் பக்கம் காயவைத்திருந்த பூட்ஸுக்குள் ஏதோ அசைந்தது. எலி என்று நினைத்துக் கவிழ்த்தார். விழுந்தது ஒரு ஃபெரெட். கீரி மாதிரி நீள உடம்பு, குட்டைக் கால்கள், கண்களைச் சுற்றி முகமூடி கட்டியது போலக் கறுப்புப் பட்டை. யாரோ வீட்டில் வளர்த்தது. தப்பி வந்ததோ, வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனார்களோ. விட்டோல்ட் கடைகளில் காகிதம் ஒட்டிப் பார்த்தார். தேடி யாரும் வரவில்லை. பெண், வயது ஒன்று இருக்கும் என்றார்கள் கால்நடை ஆஸ்பத்திரியில். அடுப்பிலிருந்து தெறிக்கும் பொறியைப் போலத் துள்ளித் துள்ளி ஓடியதால், தங்கள் மொழியில் பொறி என்று பொருள்படும்படி இஸ்க்ரா என்று பெயர் வைத்தார்.

கேட் அறையில் பிராணி வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. மேற்பார்வையாளர் வருகிறார் என்றால் இரண்டு நிலையங்களுக்கு முன்பே விட்டோல்டுக்குச் சேதி வந்துவிடும். சேதி சொல்கிறவர் எட்மண்ட். சரக்கு ரயில் ஓட்டியவர், விட்டோல்ட் குடியிருந்த கட்டடத்திலேயே கீழ் மாடிக்காரர். கேட்டைத் தாண்டும்போதெல்லாம் இஸ்க்ராவுக்கென்று குட்டியாக ஒரு விசில் அடிப்பார். லீவு நாளில் கோழி ஈரல் வாங்கிக்கொண்டு கேட் அறைக்கே வருவார். "உன்னைப் பாக்க வரல விட்டெக், அம்மணியைப் பாக்க வந்தேன்" என்பார். விட்டோல்டை அவர் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்.

மூன்று வருடம் கழித்து கேட் தானியங்கி ஆனது. விட்டோல்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இஸ்க்ராவைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு தன் மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனார். அதன்பின் ஒரு நாளில் அவர் பேசிய பேச்சில் பாதிக்கு மேல் அவளிடம்தான்.

ஏழு வயது என்பது ஃபெரெட்டுக்குக் கிழ வயது. முதலில் வாலில் முடி உதிர்ந்தது. பிறகு தூக்கம் கூடியது. கையில் எடுத்தால்கூட விழிக்காமல் துணி மாதிரி தொங்குவாள், பயந்து உலுக்கினால் கொட்டாவி விட்டபடி எழுவாள். பின்னங்கால்கள் சில நாள் பின்தங்கின. "வயசாச்சு, எனக்கும்தான் முட்டி பிடிக்குது" என்று விட்டோல்ட் தேற்றிக்கொண்டார். ஒரு நாள் சுவரையே வெறித்துப் பார்த்தபடி நின்றாள். வாயோரம் எச்சில் ஒழுகியது. முன்னங்காலால் வாயைப் பிறாண்டிப் பிறாண்டிக் கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

கிங்கா என்ற இளம் டாக்டர்தான் பார்த்தார்; விட்டோல்டை மரியாதையாக 'பான்' என்று சேர்த்தே கூப்பிடுவார். ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, கணையத்தில் கட்டி என்றார். அந்தக் கட்டி ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இறக்கிவிடுகிறது. அறுவை இந்த வயதுக்குத் தாங்காது. மருந்தால் இழுத்துப் பிடிக்கலாம்.

"காலைல எட்டு, சாயங்காலம் எட்டு. ரெண்டு வேளையும் தவறக் கூடாது பான் விட்டோல்ட். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கறி சாப்பிடணும். தூங்கினா எழுப்பிக் குடுங்க. இனிப்பு எதுவும் வேண்டாம், அது கட்டியைத் தூண்டிவிட்டுச் சர்க்கரையை இன்னும் இறக்கிடும்."

"உலர்ந்த திராட்சை? ஒண்ணே ஒண்ணு?"

"அரைகூட கூடாது. சாஞ்சு விழுந்தா மட்டும் பஞ்சுல தேனைத் தொட்டு ஈறுல தடவுங்க. முழிச்சதும் கறி குடுத்துட்டு நேரா இங்க வாங்க."

விட்டோல்ட் ரயில்வேக்காரர். அட்டவணை என்றால் அவருக்கு உயிர். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒன்றை எழுதி ஒட்டினார். மாத்திரையைப் பொடித்து, கோழி ஈரலை அரைத்து அதில் குழைத்து, விரல் நுனியில் எடுத்து ஊட்டினார். மாத்திரை கசக்கும், கிண்ணத்தில் வைத்தால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள், விரலில் கொடுத்தால் மட்டும் நக்குவாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை பார்த்தார். நான்கு மாதத்தில் எடை குறையவில்லை. கிங்காவே, "இவ்வளவு ஒழுங்கா யாரும் பாத்துக்கறதில்ல" என்று சொன்னார். அதைக் கேட்டு வீடு வருகிற வரை விட்டோல்டின் காது சிவந்தே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எட்மண்ட் அவரை ஓய்வூதியர் மன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வியாழக்கிழமை மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை அங்கே நடனம். ஒருவர் அக்கார்டியன் வாசிப்பார், மேசையில் தேநீரும் பாலாடைக்கட்டிக் கேக்கும் இருக்கும்.

"எனக்கு ஆடத் தெரியாது" என்றார் விட்டோல்ட்.

"அங்க யாருக்குத் தெரியும்? எல்லாரும் ஒருத்தரையொருத்தர் பிடிச்சுக்கிட்டு விழாம நிக்கறாங்க, அவ்வளவுதான்."

அங்கே ரெகினா இருந்தார். சீருடை தைக்கும் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்தவர், கணவரை இழந்தவர், வெடுக்கென்று பேசுகிறவர். விட்டோல்டின் பழைய ரயில்வே கோட்டின் கையை இழுத்துப் பார்த்து, "இது எங்க பட்டறைத் தையல். நானேகூடத் தைச்சிருப்பேன். பித்தான் மட்டும் நீங்க தைச்சது, பாத்தாலே தெரியுது" என்றார். விட்டோல்டுக்குச் சிரிப்பு வந்தது. காது சிவந்ததா என்று நினைக்க மறந்துபோனார். அன்றைக்கு மூன்று முறை ஆடினார்.

இரண்டாவது வியாழனன்று அது நடந்தது. எட்மண்ட் தேநீர் வாங்க எழுந்து போயிருந்தார். மேசையில் ரெகினாவும், மன்றத்தின் காரியங்களையெல்லாம் நடத்தும் சபினா என்ற அம்மாளும் இன்னும் இரண்டு பேரும். சபினா மூக்கைச் சுளித்தார்.

"என்னமோ வாடை. ஈர நரி மாதிரி. உங்களுக்கு வரல?"

எல்லோரும் மோந்து பார்த்தார்கள். ரெகினாவின் மூக்கு விட்டோல்டின் கோட்டுப் பக்கம் வந்து நின்றது. ஃபெரெட்டுக்கு ஒரு வாடை உண்டு. எவ்வளவு கழுவினாலும் போகாது. கூட வாழ்கிறவருக்கு அது தெரியாது. ஆறு வருடமாகத் தான் அந்த வாடையோடுதான் நடமாடுகிறோம் என்பது அந்த ஒரு கணத்தில்தான் விட்டோல்டுக்கு உறைத்தது. பேருந்தில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்ததற்கும் இப்போது காரணம் தெரிந்தது.

"அது... கீழ் வீட்டுல" என்றார். "கீழ் வீட்டுக்காரர் ஏதோ மரநாய் மாதிரி ஒண்ணு வளக்கறார். படிக்கட்டு பூரா வாடை. துணியில ஏறிடுது. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

"கீழ் வீடுன்னா நம்ம எட்மண்ட்தானே?" என்றார் சபினா.

விட்டோல்ட் அப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் எட்மண்ட் தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு வந்துவிட்டார்.

"என்ன பான் எட்மண்ட், வீட்டுல மரநாய் வளக்கறீங்களாமே. பாவம் மேல் வீட்டுக்காரர், மூச்சு முட்டுதாம்."

எட்மண்ட் விட்டோல்டைப் பார்த்தார். விட்டோல்ட் மேசை விரிப்பின் பூவைப் பார்த்தார். எட்மண்ட் கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்.

"வளக்கறேன். அதுக்கென்ன? என்னோட பேச அது ஒண்ணுதான் இருக்கு. உங்களை மாதிரி வாய் நாத்தம் கிடையாது அதுக்கு."

மேசையே சிரித்தது. ரெகினாவும் சிரித்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது விட்டோல்ட், "எட்மண்ட், நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தார்.

"விடுடா. அந்தப் பொம்பளைக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. நான் யாரைக் கட்டிக்கப் போறேன்?"

எட்மண்ட் அதை லேசாகத்தான் சொன்னார். ஆனால் பேச்சு லேசாக நிற்கவில்லை. அடுத்த வாரமே அவருக்கு 'மரநாய்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் உட்கார்ந்தால் சபினா ஜன்னலைத் திறப்பார். பெண்கள் அவரோடு ஆட எழும்போது மூக்கைப் பிடிப்பது போல் பாவனை காட்டுவார்கள். எட்மண்ட் முதல் இரண்டு வாரம் பதிலுக்குப் பதில் சொன்னார். மூன்றாம் வாரத்திலிருந்து மூலையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். விட்டோல்ட் மட்டும் அந்த வாரங்களில் ஒரு புதுக் கோட்டு வாங்கி, அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் படிக்கட்டு முனையில் இருந்த துடைப்ப அலமாரியில் மாட்டி வைத்தார். வியாழக்கிழமைகளில் இஸ்க்ராவைத் தொட்ட கையை வினிகர் போட்டுத் தேய்த்தார். மடியில் ஏற வந்தவளை ஒரு நாள் காலால் மெல்லத் தள்ளினார். அவள் திரும்பத் திரும்ப வந்தாள். விளையாட்டு என்று நினைத்திருப்பாள்.

மே மாதம் மன்றத்தில் செஹோசினெக்குக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்தார்கள். உப்புநீர்க் குளியலும் பூங்காவும் பெரிய நடனக் கூடமும் உள்ள ஊர். சனிக்கிழமை காலை பஸ், ஞாயிறு மாலை திரும்புதல். இரண்டு பேருக்கு ஓர் அறை. சபினா பட்டியலைப் படித்தபோது எட்மண்டின் பெயர் இல்லை.

"அவரோட ஒரே அறையில படுக்க யாரும் ஒத்துக்கல. நான் என்ன செய்ய முடியும்?" என்றார் சபினா.

எட்மண்ட் செய்தித்தாளை மடித்தார். "எனக்கும் உப்புத் தண்ணி ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். விட்டோல்ட் ரெகினாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால்தான், இஸ்க்ராவைப் பார்த்துக்கொள் என்று எட்மண்டிடம் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அவர் வீட்டில் பிராணியே இல்லை என்றல்லவா ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தார். போகவில்லை என்று சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை தொலைபேசியை எடுத்தார், இரண்டு முறையும் வைத்தார். கடைசியில் தனக்குத்தானே ஒரு நியாயம் பேசிக்கொண்டார். நான்கு மாதமாக நன்றாகத்தானே இருக்கிறாள். ஒரு நாள்தான். சனிக்கிழமை காலை எட்டு மணி மருந்தை ஊட்டினார். மாலை மருந்தையும் மறுநாள் காலை மருந்தையும் கறியில் குழைத்து இரண்டு கிண்ணங்களில் வைத்தார். கிண்ணத்தில் வைத்தால் அவள் தொடமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தார். புறப்படும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அது வசதியாகப் போயிற்று.

செஹோசினெக்கில் அன்று மாலை அவர் வாழ்க்கையில் ஆடாத ஆட்டம் ஆடினார். இடையில் ரெகினா மூச்சு வாங்க நின்று, "இந்த பான், பானிங்கற மரியாதை எல்லாம் போதும். ரெகினான்னு கூப்பிடு. நீன்னே பேசு" என்றார். விட்டோல்ட் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார். "நீ" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போது சுவர்க் கடிகாரத்தில் எட்டு மணி. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. மாத்திரை டப்பா அங்கே இல்லை.

"என்ன தேடறே?" என்றார் ரெகினா.

"ஒண்ணுமில்ல. கைக்குட்டை."

ஞாயிறு மாலை வீட்டுக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'டாக்டர்கிட்ட இருக்கோம்.' எட்மண்டின் கையெழுத்து. உள்ளே இரண்டு கிண்ணங்களும் வைத்தது வைத்தபடி இருந்தன. மேலே கறி காய்ந்து கறுத்திருந்தது. சமையலறைத் தரையில் தேன் பாட்டில் மூடியில்லாமல் நின்றது. விட்டோல்ட் பையைக்கூட இறக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

இஸ்க்ரா மேசைமேல் ஒரு துண்டுக்குள் கிடந்தாள். முன்னங்காலில் ஊசிக் குழாய். பக்கத்தில் எட்மண்ட், மாதாகோவிலுக்குப் போட்ட நல்ல சட்டையோடு நின்றார். சட்டையின் மார்பில் தேனும் எச்சிலும் காய்ந்திருந்தன. வழக்கம்போல ஈரல் வாங்கிக்கொண்டு மேலே போயிருக்கிறார். கதவைத் தட்டியும் திறக்காததால் தன்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறார். அவள் அடுப்புக்கடியில் விறைத்துக் கிடந்திருக்கிறாள்.

கிங்கா அட்டையைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கு. நேத்து காலைல மருந்து போச்சா?"

"போச்சு டாக்டர்."

"சாயங்காலம்?"

"போச்சு."

"இன்னைக்குக் காலைல?"

விட்டோல்ட் போச்சு என்று தலையை ஆட்டினார். எட்மண்ட் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிங்கா பேனாவை வைத்துவிட்டு அருகில் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "மூணு வேளையும் ஒழுங்கா போயும் இப்படி ஆகியிருக்குன்னா, மருந்து இனிமே கேக்கலன்னு அர்த்தம். கட்டி பெருசாயிருக்கும். இதுக்கு மேல இவளை இழுத்துக்கிட்டுப் போறது நியாயமான்னு நாம யோசிக்கணும் பான் விட்டோல்ட். நீங்க செய்யாதது எதுவும் இல்ல. வலியில்லாம அனுப்பி வெக்கறதும் ஒரு கவனிப்புதான்."

கிங்கா அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கை அவரைச் சுட்டது. இஸ்க்ரா கண்ணைத் திறந்து மூடினாள்.

"குடுக்கல" என்றார் விட்டோல்ட்.

"என்ன?"

"நேத்து சாயங்காலமும் குடுக்கல, இன்னைக்குக் காலைலயும் குடுக்கல. கிண்ணத்துல வெச்சுட்டுப் போயிட்டேன். நான் ஊர்ல இல்ல."

"எங்க போயிருந்தீங்க?"

"டான்ஸ் ஆட."

அந்த வெள்ளை அறையில், மருந்து வாடைக்கு நடுவில், அந்தச் சொல் எவ்வளவு கேவலமாகக் கேட்டது என்பதை விட்டோல்ட் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டதுண்டு. கிங்கா அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். திட்டவில்லை. அட்டையில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

"அப்ப மருந்து கேக்குது. பழைய அளவே தொடரலாம். ஒரு வாரம் பாப்போம்." பிறகு நிமிராமலே சொன்னார். "இன்னும் ரெண்டு நிமிஷம் சும்மா இருந்திருந்தீங்கன்னா நான் ஊசியை எடுத்திருப்பேன்."

வெளியே படிக்கட்டில் விட்டோல்ட் உட்கார்ந்துவிட்டார். எட்மண்ட் நின்றபடி இருந்தார்.

"நீ ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருப்பேன். ஊசியை எடுத்திருந்தா சொல்லியிருப்பேன். உனக்காக அவளைச் சாக விடுவேன்னு நெனச்சியா?" என்றார் எட்மண்ட். "ஏழு வாரமா உன் வாடையை நான் சுமக்கறேன். போவட்டும், எனக்குப் பெருசில்ல. ஆனா 'எட்மண்ட், அவளைப் பாத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்னடா கேடு? நீ சொல்லாததால வேற யாரோ பாத்துக்கறாங்கன்னு நெனச்சு நேத்து முழுக்க நான் கீழயே உக்காந்து ரேடியோ கேட்டேன்."

"எப்படிக் கேப்பேன்? உன்னை பஸ்ல ஏத்தல. நான் வாயைத் தொறக்காம உக்காந்திருந்தேன். அப்புறம் எந்த மூஞ்சியோட உன்கிட்ட வந்து கேப்பேன்?"

"இதே மூஞ்சியோட வந்திருக்கலாம். வேற மூஞ்சி உனக்கு ஏது?" என்றார் எட்மண்ட். பிறகு கையைக் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார். ஆனால் வீடு வரைக்கும் அவருக்குப் பத்தடி முன்னால்தான் நடந்தார்.

இஸ்க்ரா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். பின்னங்கால்கள் பழையபடி வரவில்லை; தரையில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நடந்தாள். வழுக்காமலிருக்க விட்டோல்ட் சமையலறை முழுக்கப் பழைய கம்பளத் துண்டுகளை விரித்தார். எடை எழுபது கிராம் குறைந்திருந்தது. மடியில் எடுத்து ஊட்டினார். அவள் வழக்கம்போல விரலை நக்கினாள். ஒரு தயக்கமும் இல்லாமல் நக்கினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. விட்டோல்ட் அலமாரியில் தொங்கிய புதுக் கோட்டை விட்டுவிட்டுப் பழைய ரயில்வே கோட்டைப் போட்டுக்கொண்டு மன்றத்துக்குப் போனார். எட்மண்ட் வரவில்லை. மேசையில் எல்லோரும் இருந்தார்கள். உட்காராமலே சொன்னார்.

"அந்த மரநாய் என்னோடது. எட்மண்டோடது இல்ல. வாடை என் மேல வர்றது. நான் பொய் சொன்னேன்."

சபினாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப ரெண்டு பேரும் வளக்கறீங்களா?"

"இல்ல. நான் மட்டும். ஆறு வருஷமா. அது ஃபெரெட். உடம்பு சரியில்ல. நான் செஹோசினெக்ல ஆடிக்கிட்டிருந்தப்ப அது மருந்தில்லாம செத்துப் பொழைச்சுது. எட்மண்ட்தான் காப்பாத்தினார்."

ஒருவர் மெல்லச் சிரித்தார், சிரிப்பை யாரும் தொடராததால் நிறுத்திக்கொண்டார். ரெகினா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். விட்டோல்ட் பின்னால் போனார். வாசலில் ரெகினா திரும்பினார்.

"வாடையைப் பத்தி எனக்கு என்ன? என் வீட்டுக்காரர் இருபது வருஷம் மீன் கிடங்குல வேலை பாத்தவர். நீங்க சொல்லியிருந்தா ஜன்னலைத் தொறந்து வெச்சிருப்பேன், அவ்வளவுதான். ஆனா அந்த மனுஷனைப் பாத்து நானும் ஏழு வாரம் சிரிச்சேன். மூக்கைப் பிடிச்சேன். என்னையும் அதுல சேத்துட்டீங்க. அவர் மூஞ்சில நான் இனிமே எப்படி முழிப்பேன்?"

'நீ' போய் 'நீங்க' திரும்பி வந்திருந்ததை விட்டோல்ட் கவனித்தார். அதன்பின் அது மாறவேயில்லை.

மறுநாள் ரெகினா எட்மண்டின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார் என்று பிறகு தெரியவந்தது. எட்மண்ட் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். விட்டோல்டைப் பற்றி இருவரும் பேசவேயில்லையாம்.

எட்மண்ட் சில வாரம் கழித்து மன்றத்துக்குத் திரும்பி வந்தார். யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. ஆனால் பெயர் போகவில்லை. உண்மை தெரிந்த பிறகும் அவர் 'மரநாய் எட்மண்ட்'தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏன் என்றுகூடத் தெரியாமல் அப்படிக் கூப்பிட்டார்கள். "நம்ம மரநாய் எங்க?" என்று யாராவது கேட்கும்போதெல்லாம் விட்டோல்ட் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "அவர் பேர் எட்மண்ட்" என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். மறுபடி அதையே சொல்வார்கள்.

"விடு, சொல்லிக்கட்டும்" என்பார் எட்மண்ட். "ரயில்ல இருந்தப்ப எனக்கு இதைவிட மோசமா பேர் இருந்தது." அவர் நிஜமாகவே பொருட்படுத்தவில்லையா, பொருட்படுத்தாதது போல் இருக்கிறாரா என்று விட்டோல்டால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கத் துணிவும் இல்லை.

இஸ்க்ரா அக்டோபர் வரை இருந்தாள். அந்த ஐந்து மாதத்தில் ஒரு வேளை மருந்தும் தவறவில்லை. எட்மண்ட் மதியங்களில் வந்து உட்கார்ந்து ஊட்டுவார். விட்டோல்ட் வெளியே போக வேண்டியிருந்தால் வாய் திறந்து, "எட்மண்ட், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். கடைசி வாரத்தில் அவள் கறியை நக்குவதை நிறுத்திவிட்டாள். எடை ஐந்நூறுக்குக் கீழே இறங்கியது. தேன் தடவியும் முழுதாக விழிக்கவில்லை. கிங்கா வந்து பார்த்துவிட்டு, "இப்ப நேரம் வந்துடுச்சு" என்றார். ஊசி போடும்போது விட்டோல்ட் அவளைத் தன் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தியிருந்தார். எட்மண்ட் ஒரு விரலால் அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். சீக்கிரமாகவே முடிந்துவிட்டது.

பிறகு விட்டோல்ட் கேட்டார். "அன்னைக்கு நான் போகாம இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளா?"

கிங்கா ஊசியைத் தட்டில் வைத்தார். "இருந்திருக்கலாம். எவ்வளவு நாள்னு சொல்ல முடியாது. இல்லைன்னு சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனசு வரல."

"சொல்லாதீங்க" என்றார் விட்டோல்ட். "நன்றி."

அந்தக் குளிர்காலத்தில் கிங்கா ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். பேக்கரிக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் எட்டு வயது ஃபெரெட்டோடு வந்திருக்கிறார்கள், இதே நோய், எப்படி ஊட்டுவதென்று கொஞ்சம் காட்ட முடியுமா என்றார். விட்டோல்ட் போனார். மாத்திரையைப் பொடிக்கும் விதம், ஈரலை அரைக்கும் பதம், விரல் நுனியில் எவ்வளவு எடுப்பது, தூங்குகிறவளை எங்கே தட்டி எழுப்புவது, எல்லாம் காட்டினார். அதற்கப்புறம் மாதத்துக்கு ஒருவராவது வந்தார்கள். சில பேர் ஃபெரெட்டைக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவருவார்கள். பேருந்தில் ஆட்கள் எழுந்து போனதைச் சொல்லிச் சிரிப்பார்கள். விட்டோல்டும் சேர்ந்து சிரிக்கப் பார்ப்பார்.

எல்லாம் காட்டி முடித்த பிறகு ஒவ்வொருவரிடமும் அவர் ஒன்று சொல்வது வழக்கமாயிற்று. ஒரு வேளை தவறிப்போனால் டாக்டரிடம் மறைக்காதீர்கள் என்பார். ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். செஹோசினெக், நடனம், இரண்டு கிண்ணங்கள், தான் சொன்ன பொய், எட்மண்டின் தலையில் போட்ட பொய், எல்லாவற்றையும் ஒழுங்காக வரிசைப்படி சொல்வார். பலமுறை சொன்னால் பழகிவிடும் என்று முதலில் நினைத்திருந்தார். பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது காது சிவந்து கழுத்து வரை இறங்கும். எதிரே இருப்பவர்கள் பார்வையை வேறெங்கோ திருப்பிக்கொள்வார்கள். அவர் நிறுத்தாமல் சொல்லி முடிப்பார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.